எக்செல்லில் 38475000 ஐ 38.5 என்று காட்ட வழி இருக்கா?

சம்மாந்துறை நெல்மூட்டை:
அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பெரும்போகத்துக்கு நெல் வாங்கின காசு 38475000, 9260000 என்று நீண்டு நிற்கிறது, கொலத்தைக் கொஞ்சம் ஒடுக்கினால் எல்லாம் ##### ஆகிவிடும். வங்கி மில்லியனில் கேட்கிறது, முதலாளிக்கு லட்சத்தில் சொன்னால்தான் விளங்கும். போன முறை எண்களையே பத்து லட்சத்தால் வகுத்து மாற்றிவிட்டேன், மறுகா யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கப்போனால் சரியான தொகை ஒன்றும் மிஞ்சவில்லை. பார்வைக்கு மட்டும் சுருக்கேலாதா?

களுதாவளை வெற்றிலை:
ஏலும். செல்களைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலையும் 1 ஐயும் சேர்த்து அமத்துங்கள், 'நம்பர்' பட்டியலில் 'கஸ்டம்' என்று இருக்கும், அதில் 0.0,, என்று அடியுங்கள். இலக்கத்துக்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொரு கொமாவும் ஆயிரத்தால் வகுத்துக் காட்டும். செல்லுக்குள் 38475000 அப்படியே கிடக்கும், மேலே ஃபோர்முலா பட்டையில் பாருங்கள்.

சம்மாந்துறை நெல்மூட்டை:
ஓம், வந்துட்டு! லட்சத்துக்கு என்ன, ஒன்றரைக் கொமாவா? :)

கல்முனைக் கரைவலை:
கொமா ஆயிரம் ஆயிரமாகத்தான் பாயும், லட்சத்தில் நிற்காது. ஆனால் ஒரு கள்ளவழி இருக்கு: 0\.00, என்று போடுங்கள். கொமா 38475 ஆக்கிவிடும், அந்தச் சாய்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற புள்ளி தசமப்புள்ளியே இல்லை, வெறும் எழுத்து, கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்ளும். 384.75 வரும். கோடிக்கு 0\.0,, போதும்.

களுதாவளை வெற்றிலை:
அட, இது எனக்கும் புதுசு. வங்கிக்குக் கொடுக்கிறதில் மட்டும் கவனம். உங்கட இரண்டு எண்ணும் 38.5, 9.3 என்று தெரியும், கையால் கூட்டினால் 47.8. எக்செல் உள்ளே இருக்கிற முழு எண்ணைக் கூட்டுவதால் 47.7 என்றுதான் காட்டும். பிழை இல்லை, ஆனாலும் சிவப்புப் பேனையால் வட்டம் போட ஒருவர் இருப்பார், அதனால் 0.00,, ஆக்கிவிடுங்கள். ஃபோர்முலாவில் டெக்ஸ்ட் ஃபங்ஷனால் சுருக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எண் எழுத்தாகிவிடும், 'சம்' அதைக் கூட்டாது.

சம்மாந்துறை நெல்மூட்டை:
எல்லாம் சரி வந்தது. முதலாளி 384.75 ஐப் பார்த்துவிட்டு, இது எந்தக் கிழமையின் தேத்தண்ணிச் செலவு என்று கேட்டார். இப்போது கொலத்துக்கு மேலே 'ரூபா லட்சத்தில்' என்று எழுதியாச்சு.