பொருள்: டபுள் எக்ஸ்போஷர் – ஈரொளியேற்றம்?

வணக்கம். பெங்களூரில் எடிட்டிங் வகுப்புக்கான தமிழ்க் கையேட்டுக்கு இந்தச் சொல் தேவை. 'இரட்டை வெளிப்பாடு' என்றால் கருத்து வெளிப்பாடு போல ஒலிக்கிறது. 'இரட்டை ஒளிப்பதிவு' சரிவருமா?
– அல்சூரிலிருந்து

> இரட்டை ஒளிப்பதிவு

வேண்டாம், இரண்டு கேமராமேன் என்று நினைப்பார்கள். ஃபிலிமின் ஒரே பிரேமில் இருமுறை ஒளி ஏறுகிறது. இரண்டும் முழு அளவில் ஏறினால் படம் வெளுத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும்படி, குறைத்து எடுப்பார்கள். ஆகவே ஈரொளியேற்றம். இரண்டுக்கு மேல் போனால் பல்லொளியேற்றம். ஓவர், அண்டர் எக்ஸ்போஷருக்கு மிகையொளியேற்றம், குறையொளியேற்றம். 'வெளிப்பாடு' இப்படிக் குட்டி போடாது.
– ஜாலஹள்ளியிலிருந்து

> ஒளி ஏறுகிறது

ஃபோட்டோஷாப்பில் எந்த ஒளி ஏறுகிறது ஐயா? ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கி, மேல் லேயரின் ஒபாசிட்டியை (ஒளிபுகாமையை) 50 விழுக்காடாக்குகிறார்கள், அவ்வளவுதானே?
– அல்சூரிலிருந்து

அது வெறும் சராசரி. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து சாம்பல் பூசிய படம்தான் வரும். அதற்குப் 'படக்கலப்பு' போதும்.

ஈரொளியேற்றம் போல வேண்டுமென்றால் மேல் லேயரை ஸ்க்ரீன் மோடில் (லேயர்கள் கலக்கும் முறைகளில் ஒன்று) போட வேண்டும். அங்கே படம் வெளுக்குமே தவிர இருளாது: 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் 128-உம் 128-உம் சேர்ந்தால் 192. கீழ்ப்படத்தின் கறுப்பில் மேல்படம் முழுதாகத் தெரியும், வெள்ளையில் ஒன்றும் தெரியாது. அதனால்தான், கீழ்ப்படம் ஒரு முகம் என்றால், அந்த முகத்தை முதலில் லெவல்ஸில் (ஒளியளவைத் திருத்தும் கருவி) இருட்டாக்க வேண்டும். பின்னணி 255 வெள்ளையாக இருக்கட்டும். 230-இல் நின்றால், மேல்படம் மரமானால் அதன் கிளைகள் முகத்துக்கு வெளியேயும் ஆவி மாதிரி தெரியும்.

மேல்படத்துக்கு, மழைமூட்ட நாளில் கப்பன் பார்க் மரத்தை வானத்தை நோக்கி எடுத்தது நன்றாக அமையும். ஆனால் வெள்ளை வானம் விழும் இடத்தில் முகவிளிம்பே கரைந்துவிடும். மூக்கு, தாடை வரியில் இலை அடர்ந்த பகுதி வரும்படி நகர்த்துங்கள். கண் மறைந்தால் லேயர் மாஸ்க்கில் (லேயரின் பகுதிகளை மறைக்க உதவுவது) மென்மையான கறுப்புப் பிரஷ்ஷால், 20–30 விழுக்காட்டில், கொஞ்சம் கொஞ்சமாக மீட்கலாம்.

ஸ்க்ரீனைத் 'திரை' என்று எழுதிவிடாதீர்கள். ஒரே திரையில் இரண்டு ஸ்லைடு விழுவது போன்ற விளைவு என்பதால் வந்த பெயர் அது. தமிழில் மொட்டையாகத் திரை என்றால் மானிட்டர்தான். 'ஒளிக்கூட்டு' என் பரிந்துரை. மல்டிப்ளை என்ற இன்னொரு மோட் கணக்கிலும் பெருக்கல்தான், அதற்குப் 'பெருக்கல்' போதும். ஓவர்லே மோடுக்குத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.
– ஜாலஹள்ளியிலிருந்து