மூளை இரத்தக்கசிவு: அம்மா எவ்வளவு தேறுவார் என்று இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

கேள்வி – கரிசல் மகள்

வணக்கம். 62 வயதான என் அம்மா இரத்த அழுத்த மாத்திரையைச் சில மாதங்களாக நிறுத்தியிருந்தார். இப்போது மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் பகுதியில், இடது பக்கம் இரத்தம் கசிந்து வலது கையும் காலும் செயலிழந்திருக்கின்றன. இன்று நான்காம் நாள். கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேச்சு வரவில்லை. ஜி.எஃப்.ஏ.பி., என்.எஃப்.எல். என்ற புரதங்களை இரத்தத்தில் அளந்தால் எவ்வளவு தேறுவார் என்று தெரிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாமா? வெள்ளையணு வகைகளில் நியூட்ரோபில் கூடி லிம்போசைட் குறைந்திருப்பதாக வந்த அறிக்கையும் எங்களைக் கலங்க வைத்திருக்கிறது.

பதில் – நரம்பியல் மருத்துவர்

சகோதரி, அந்தப் பரிசோதனைக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஜி.எஃப்.ஏ.பி. மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களில் இருப்பது. இரத்தம் கசியும்போது அந்தச் செல்கள் உடனே சிதைவதால் முதல் சில மணி நேரத்திலேயே அதன் அளவு ஏறிவிடுகிறது. ஆகவே, வந்திருப்பது அடைப்பா கசிவா என்று விரைவில் பிரித்தறிய அது உதவுமா என்பதில்தான் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் அதிகம். கசிவு பெரிதாக இருந்தால் அளவும் கூடுவது உண்மைதான். ஆனால் கசிவு எத்தனை மில்லிலிட்டர் என்பதை சி.டி. ஸ்கேன் ஏற்கெனவே சொல்லிவிட்டதே! என்.எஃப்.எல். நரம்பிழைகளிலிருந்து வருவது, நாள்கணக்கில் மெதுவாக ஏறுவது. நான்காம் நாள் எண் பாதி வழியில் எடுத்த கணக்கு. இவை அதிகமுள்ள நோயாளிகள் ஒரு கூட்டமாகப் பார்க்கையில் குறைவாகத் தேறுகிறார்கள் என்பதைக் கொண்டு, உங்கள் அம்மா நடப்பாரா என்று சொல்லிவிட முடியாது.

நியூட்ரோபில் லிம்போசைட் விகிதம் கூடுவதும் மோசமான விளைவோடு தொடர்புடையதுதான். ஆனால் நான்காம் நாளில் அதைக் கண்டால் நான் முதலில் நெஞ்சு எக்ஸ்ரேயையும் சிறுநீர்ப் பரிசோதனையையும்தான் பார்ப்பேன். விழுங்க முடியாதவருக்குப் புரையேறி நிமோனியா வந்தாலும் அதே விகிதம்தான் ஏறும். அதற்கு மருந்து இருக்கிறது.

பதில் – ஆய்வகப் பணியாளர்

மருத்துவர் சொன்னதோடு ஒன்று. என்.எஸ்.இ. என்ற இரத்தக் குறியீட்டையும் சிலர் இதற்காக எழுதுகிறார்கள். அது சிவப்பணுக்களிலும் இருப்பதால், இரத்தம் எடுக்கையில் அணுக்கள் சிதைந்தாலே எண் பொய்யாக ஏறிவிடும். எஸ்-100-பி என்ற இன்னொரு குறியீடு கொழுப்புத் திசுவிலிருந்தும் வரும். என்.எஃப்.எல். வயதானாலும் சிறுநீரகம் பழுதானாலும் கூடும். தாளில் அச்சாகி வரும் எண்ணுக்கு அருகே இவை எதுவும் இருக்காது.

கரிசல் மகள்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் நாங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும்?

பதில் – நரம்பியல் மருத்துவர்

கசிவின் கன அளவு 30 மில்லிலிட்டரைத் தாண்டியதா, மூளையின் நீரறைகளுக்குள் இரத்தம் இறங்கியதா, நினைவு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ மதிப்பெண் சேர்த்த அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேளுங்கள். மூளை இரத்தக்கசிவின் தீவிரத்தை மதிப்பிட 2001 முதல் புழக்கத்தில் உள்ள ஐ.சி.எச். மதிப்பெண், இவற்றோடு வயதையும் கசிவு மூளையின் கீழ்ப்பகுதியிலா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து உயிர்காக்கும் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது என்று 2022 அமெரிக்க வழிகாட்டுதலே சொல்கிறது. 'தேற மாட்டார்' என்று முதலிலேயே கைவிட்டால் அந்தக் கணிப்பு தானாகவே பலித்துவிடும். தேறுதலை வழக்கமாக 90ஆம் நாளில்தான் அளக்கிறோம். அதன் பிறகும் மாதக்கணக்கில் முன்னேறுபவர்கள் உண்டு. விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, பிசியோதெரபி எப்போது தொடங்கும் என்பதை நாளைக் காலை ரவுண்ட்ஸில் கேட்டுவிடுங்கள்.