ஏலம் போன ஏத்தன் குலையும் எழுதி வைத்த கடனும்

குமரி மாவட்டம் திருவட்டாறு பகுதியிலிருந்து ஒருவர்:

எங்கள் ஊரில் டயாலிசிஸ் செய்துவந்த இரண்டு பேருக்காக ஊரில் பிரிவு (நன்கொடை) எடுக்கத் தொடங்கியபோது, "முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்தான் இருக்கிறதே, பிறகு எதற்குப் பணம்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டவர்கள் பலர். சிகிச்சைச் செலவு திட்டத்தில் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டிய ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கு, போக வர வண்டிக்கூலியும், துணைக்குச் செல்லும் மனைவி இழக்கும் கூலியும் எந்தத் திட்டத்திலும் வருவதில்லை. இதை ஒரு தாளில் கணக்காக எழுதிக் காட்டத் தொடங்கிய பிறகே ரசீதுப் புத்தகம் நகர்ந்தது.

பெருந்தொகை வந்தது ஏலத்தில்தான். ஞாயிறு மாலை நூலக முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், சேவல், மட்டி வாழைக்குலை என்று ஊரார் கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றுள் ஐந்நூறு ரூபாய்கூடப் பெறாத ஓர் ஏத்தன் (நேந்திரம்) வாழைக்குலையை டீக்கடைக்காரர் 1,200 ரூபாய்க்கு எடுத்து, தோளில் வைத்த கையோடு மீண்டும் ஏலத்துக்கே கொடுத்தார். அதை எடுத்த அடுத்தவரும் அப்படியே செய்ய, ஆறு கைகள் மாறி, தோல் கறுத்து, இரண்டு காய்கள் உதிர்ந்த நிலையில், இனியும் தாங்காது என்று ஒரு பாட்டி 150 ரூபாய்க்கு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பிழை நடந்தது அதன் பிறகு. ஆர்வக்கோளாறில் நான் மைக்கைப் பிடித்து, மொத்தம் 1,86,500 ரூபாய் என்று அறிவித்துவிட்டேன். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஏலம் எடுத்தவர்கள் பிறகு தருவதாகச் சொல்ல, நோட்டில் 'கடன்' என்று எழுதப்பட்டிருந்த தொகை. ஒரு மாதம் கழித்துக் கையில் இருந்தது 1,21,000 மட்டுமே. மீதியை நாங்கள் விழுங்கிவிட்டதாகப் பேச்சு எழுந்தது. பாக்கி வைத்தவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்றார் கமிட்டியில் ஒருவர். உதவி செய்ய வந்தவரை அவமானப்படுத்துவது முறையல்ல என்று நான் மறுத்தேன். கைக்கு வந்த பணத்தையும் வண்டிக்கூலிச் சீட்டுகளையும் மட்டும் மாதந்தோறும் ஒட்டினோம். நான்கு மாதத்தில் பெரும்பகுதி வந்தது, எட்டாயிரம் வரவேயில்லை.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர்:

மேலே சொன்ன கடன் தொல்லை எங்களுக்கு இல்லை. திருவனந்தபுரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற ஓர் அக்காவுக்காக, வாரத்தில் ஒரு நாள் மீன் ஏலத்தில் ஒவ்வொரு படகின் பங்கிலிருந்தும் ஒரு தொகையைத் தரகரே பிடித்துக் கடற்கரையிலேயே கொடுத்துவிடுவார். ஆனால் எங்களுக்கு வேறொரு கணக்கு தப்பியது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கதிர்வீச்சுச் சிகிச்சையோ சரியாக அந்த நாட்களில் வந்தது. மழைக்காலக் கடலில் வள்ளம் (நாட்டுப்படகு) இறக்கியவர்களே அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. தடைக்காலத்துக்கென்று முன்பே கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கலாம்.

திருவட்டாறுக்காரர் மீண்டும்:

அந்தப் பிடித்தம் நல்ல ஏற்பாடு. தோட்டப் பகுதியில் அது நடக்காது. வரும் ஏலத்தில் பணத்தை எண்ணி முடித்த பிறகே மைக்கைத் தொடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். டீக்கடைக்காரர் இம்முறை ஒரு சேவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.