சின்னப் பள்ளியும் பெரிய பள்ளியும் ஒரே களத்தில்: உங்கள் அனுபவம் என்ன?

விசில் வாத்தியார்

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மொத்தமே 140 பிள்ளைகள். பையன்கள் 67 பேர். சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு 17 வயதுக்குட்பட்டோர் கோ-கோ அணி அனுப்ப வேண்டியிருந்தது. களத்தில் இறங்க 9 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 3 பேர் என்பது கணக்கு. கெஞ்சிக் கூத்தாடி எனக்குத் தேறியது 9 பேர். அதில் இருவர் எட்டாம் வகுப்பு. ஒருவன், ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று அப்பா மறுத்தவன். அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அழைத்து வந்தேன்.

முதல் சுற்றிலேயே 2,000 பேருக்கு மேல் படிக்கும் மேல்நிலைப் பள்ளி. அவர்களுக்கு விடுதி உண்டு. காலை ஐந்தரை மணிக்கே பயிற்சி. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் கம்பத்தருகே திரும்பும்போது கணுக்காலைப் பிசகிக்கொண்டான். மாற்று ஆள் இல்லை. "சார், நான் உட்கார்ந்தே 'கோ' வாங்கிக்கொள்கிறேன்" என்றான். எழுந்து ஓட முடியாதவன் 'கோ' வாங்கி என்ன செய்வது? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டுப் பேரோடு முடித்தோம். பையன்களுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

14, 17, 19 என்று வயதுக்குப் பிரிவு வைத்திருக்கிறோம். பள்ளியின் அளவுக்கும் ஏன் வைக்கக் கூடாது? அன்றிலிருந்து என் கேள்வி இதுதான்.

பின்வரிசைக்காரன்

ஐயா, நான் எதிர்த் தரப்பிலிருந்து வந்தவன். ஏழாம் வகுப்பில் கைப்பந்துத் தேர்வுக்குப் போனேன். உயரம் அளந்தார்கள், ஓட விட்டார்கள். விடுதி உள்ள பெரிய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் பெஞ்சில்தான் இருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே இருந்திருந்தால் அணித்தலைவனாகவே ஆகியிருப்பேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு காலிறுதி. வலைக்கு அந்தப் பக்கம் என் பழைய பள்ளி நின்றது. எனக்குக் கைப்பந்து கற்றுக்கொடுத்த தோழன் பின்வரிசையில் நின்றுகொண்டு, "என்னடா, எங்களுக்கே சர்வீஸ் போடுகிறாயா?" என்று சிரித்தான். போட்டேன். அவன் கையில் பட்டு வெளியே போனது. வென்றோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கு என்னவோ உறுத்தியது.

எங்கள் பள்ளி பெரியது என்பதால் வெல்லவில்லை. சுற்றுவட்டாரச் சின்னப் பள்ளிகளில் நன்றாக ஆடியவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டதால் வென்றது. 2,000 பேரில் உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டும் ஆடியிருந்தால் உங்கள் ஒன்பது பேரே போதும். அதனால் தலைகளை எண்ணிப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இண்டியானாவில் ஒரு மதுரைக்காரன்

நான் இருக்கும் அமெரிக்க மாநிலத்தில் இது தீராத வழக்கு. 1911 முதல் 1997 வரை இங்கே உயர்நிலைப் பள்ளிப் பையன்களின் கூடைப்பந்துக்கு, பள்ளியின் அளவு எதுவானாலும், ஒரே கோப்பை. 1954இல் 161 மாணவர்களே படித்த மிலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை இறுதியாட்டத்தில் 32-30 என்று வென்றது. பாபி பிளம்ப் என்ற மாணவர் கடைசிக் கால்பகுதியில் நான்கு நிமிடங்களுக்கு மேல் பந்தை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கடைசி நொடிகளில் எறிந்த பந்துதான் வெற்றியைத் தந்தது.

1997-98 முதல் மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவு. என் அலுவலகத்தில் ஓய்வுபெறும் நிலையில் இருக்கும் ஒருவர், சின்னப் பள்ளியில் படித்தவர். "இப்போதெல்லாம் எங்கள் ஊருக்குக் கோப்பை வருகிறது, ஆனால் யாரையும் வென்றதாகத் தோன்றவில்லை" என்றார். அவர் மகளோ அதே ஊர்ப் பள்ளியில் ஆடி, பிரிவுக் கோப்பையைத் தொட்டவர். அவருக்கு அப்பாவின் பேச்சு சுத்தமாகப் பிடிக்காது. ஞாயிறு விருந்தில் இந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்களாம்.

எண்ணிக்கையால் பிரித்தும் சிக்கல் தீரவில்லை. ஆட்டத்தில் வலுவான சில சின்னப் பள்ளிகளே திரும்பத் திரும்ப வென்றன. அதனால் தொடர்ந்து வெல்லும் அணியை, மாணவர் எண்ணிக்கை எதுவானாலும், அடுத்த பெரிய பிரிவுக்கு ஏற்றிவிடும் விதியையும் சேர்த்தார்கள். பின்வரிசைக்காரன் சொல்வதைத்தான் இவர்களும் சுற்றி வளைத்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

விசில் வாத்தியார்

தம்பி பின்வரிசை, நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறது. கணுக்கால் பிசகிய பையனையும் திண்ணையில் உட்கார்ந்து நான் அழைத்து வந்த பையனையும் அந்த விடுதிப் பள்ளி கேட்டிருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு, ஷூ, பயிற்சியாளர் எல்லாம் அங்கே கிடைக்கும். இருவர் படிவத்திலும் நேற்று நான்தான் கையெழுத்திட்டேன். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு இன்னும் ஒரு மாதம். கையில் ஏழு பேர்.