உரிமையாளரின் அனுமதியின்றிப் பாதுகாப்புக் குறைபாட்டைச் சோதிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமா?

பாலாறு:

என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பதற்காக ஒரு பரிசோதனைக் கூடத்தின் இணையதளத்தில் நுழைந்தபோது, முகவரிப் பட்டையில் அந்த அறிக்கையின் எண் வெளிப்படையாக நிற்பதைக் கண்டேன். கடைசி இலக்கத்தை மாற்றினால் இன்னொருவரின் அறிக்கை திறந்துவிடக்கூடும் என்பது நிரல் எழுதுகிற எவருக்கும் உடனே தோன்றும். நான் மாற்றவில்லை. மாற்றிப் பார்க்காமல் அது குறைபாடுதானா, சர்வர் என்னைத் தடுத்துவிடுமா என்று அறிய வழியில்லை. மாற்றினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு கூறும் ‘அனுமதியின்றி அணுகுதல்’ நிகழ்ந்துவிடுகிறது. அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தன் தகவலும் சேர்ந்திருக்கும் ஓர் அமைப்பைத் தீய நோக்கமின்றிச் சோதித்து, கண்டதை உடனே உரியவரிடம் தெரிவிப்பவரை வழக்கிலிருந்து காக்கும் தெளிவான விதி நம் சட்டத்தில் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலூர் வழக்கறிஞர்:

பாலாறு அவர்கள் கேட்கும் பாதுகாப்பு 66ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அனுமதியின்றி அணுகியது மட்டும் அங்கே குற்றமாகாது; தனக்கு முறையற்ற ஆதாயத்தையோ பிறருக்கு முறையற்ற இழப்பையோ உண்டாக்கும் எண்ணம், அல்லது ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். 43ஆம் பிரிவு தனித்து நிற்கும்போது அது இழப்பீடு பற்றியது. எவருக்கும் இழப்பு நேராத இடத்தில் இழப்பீடு கோருவது கடினம்.

2012ஆம் ஆண்டில் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டதையும் கவனிக்க வேண்டும். படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதற்குத் தண்டனை விதிக்கும் அந்தப் பிரிவு, பாதுகாப்புச் சோதனைக்கு விலக்கும் அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு, கணினியின் உரிமையாளரோ அதை இயக்குபவரோ ஒப்புதல் தந்த சோதனைக்கு மட்டுமே உரியது. நாடாளுமன்றம் இந்தக் கேள்வியை ஒருமுறை நேராக எதிர்கொண்டு, ஒப்புதல் வேண்டும் என்றே விடை கூறியிருக்கிறது.

பாலாறு:

அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு நிரல் எந்தக் கருத்துகளின் மீது அமைந்திருக்கிறது என்பதை அறிய அதன் இயக்கத்தைக் கவனிக்கவும் ஆராயவும் சோதிக்கவும் இடம் தருகிறது. அதற்கு ஆசிரியரின் அனுமதி தேவையில்லை. ஆக, முறையாக என் கைபேசிக்கு வந்த செயலியை நான் ஆராயலாம். அந்தச் செயலி பேசுகிற சர்வரைத் தொட்டதும் வேறொரு சட்டம் குறுக்கே வருகிறது. ஒரே ஆய்வின் இரு பாதிகளை இரு சட்டங்கள் எதிரெதிராக நடத்துகின்றன.

எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் என்கிறீர்கள், ஐயா. அது விசாரணை மன்றத்தில், ஆண்டுகள் கழித்து நடப்பது. 66ஆம் பிரிவின் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது. முதல் தகவல் அறிக்கை பதிவான அன்றே மடிக்கணினியும் கைபேசியும் கைப்பற்றப்படலாம், அவற்றைக் கொண்டு பிழைப்பவரின் தொழிலும் அன்றே நிற்கலாம். 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைத் தேடும் வசதி கிடைக்கிறது என்று ‘தி டிரிப்யூன்’ நாளிதழ் வெளியிட்டபோது, ஆதார் ஆணையம் அளித்த புகாரின் பேரில் டெல்லி காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கையில் அந்தச் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. ஆணையம் பின்னர் தந்த விளக்கம் எதுவாக இருந்தாலும், இனி ஒரு குறைபாட்டைக் காண்பவர் அந்த நாளைத்தான் நினைத்துக்கொள்வார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆம் பிரிவில் நிலைமை இன்னும் கடுமையானது. ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அரசு அறிவித்த கணினியை அனுமதியின்றி அணுக முயன்றாலே 10 ஆண்டுகள் வரை சிறை. நேர்மையற்ற எண்ணம் வேண்டும் என்ற சொற்கள் அங்கே இல்லை. ஆதாரின் மையத் தரவுத்தளம் 2015 டிசம்பரிலேயே அப்படி அறிவிக்கப்பட்டுவிட்டது.

சர்வர் அறை:

நான் ஒரு நடுத்தர மருத்துவமனையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். மறுபக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்பதை எழுத வேண்டியது அவசியம் எனக் கருதுகிறேன்.

எங்கள் சர்வரின் பதிவேட்டில் ஒரு முகவரியிலிருந்து வரிசையாக எண்களை மாற்றி மாற்றிக் கோரிக்கை வருகிறது. அனுப்புபவர் நல்லவரா திருடரா என்பதை அந்த வரிகள் சொல்வதில்லை. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இத்தகைய சம்பவம் எங்கள் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவித்தாக வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு, தரவு மீறல் நேர்ந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் வரையறையில் மீறல் என்பது அனுமதியற்ற கையாளுகை எதையும் உள்ளடக்கும். பார்த்தவரின் மனம் தூய்மையானதா என்று அது கேட்பதில்லை. ஒருவர் நன்னோக்கத்தோடு 40 நோயாளிகளின் அறிக்கையைத் திறந்தாலும், அந்த 40 பேருக்கும் எங்களைப் பொறுத்தவரை மீறல் நிகழ்ந்துவிட்டது.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ‘உங்கள் தளத்தில் ஓட்டை இருக்கிறது, எவ்வளவு தருவீர்கள்’ என்று மட்டும் எழுதி, பணம் பேசும்வரை விவரத்தை மறைத்துவைக்கும் மின்னஞ்சல்கள் வருகின்றன. நீங்கள் கேட்கும் விதி வந்தால், இவர்கள் அனைவரும் முதல் வரியில் தங்களை ஆய்வாளர் என்று அழைத்துக்கொள்வார்கள்.

வெண்ணிலா:

இதுவரை நடந்த உரையாடலில் உரிமையாளர் என்ற சொல் கணினியின் உரிமையாளரையே குறித்து வந்திருக்கிறது. அந்த அறிக்கைகள் நோயாளிகளுடையவை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகக் கூறிய பின்னும், அந்த உரிமை காக்கப்படுகிறதா என்று சோதிக்க அனுமதி தர வேண்டியவர், அதைக் காக்கத் தவறியிருக்கக்கூடிய நிறுவனமாகவே இருக்கிறார்.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தத் தொகை அரசின் கருவூலமான இந்தியத் தொகுநிதியில் சேரும். தரவு கசிந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிவைத்திருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. கசிந்த பிறகு எனக்கு எதுவும் கிடைக்காது என்னும்போது, கசியுமுன் யாராவது கண்டு சொல்வது ஒன்றே எனக்கு எஞ்சும் பயன். அவரையும் அச்சுறுத்தி வாயடைத்துவிட்டால் என் பக்கம் யார் நிற்பார்கள்?

பாலாறு:

வெண்ணிலா அவர்கள் சொன்னதை வேறொரு சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவின்படி, கடையில் பொருள் வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். பால் விற்பவரின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை.

மேலூர் வழக்கறிஞர்:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்தப் பிரிவின் வரம்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சோதிக்கப்போவதாக வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்தாக வேண்டும். தான் வாங்கிய பாலைத்தான் அவர் சோதிக்கிறார். அடுத்த வீட்டாரின் பாலை எடுத்து அல்ல.

70ஆம் பிரிவு பற்றிய கருத்தை ஏற்கிறேன். தீய எண்ணம் பற்றிய சொல் இல்லாமல் 10 ஆண்டுகள் என்பது அளவுக்கு மீறியது. ஆயினும் பொதுவான விலக்கு ஒன்றைச் சட்டத்தில் எழுதிவிடுவதைவிட வழக்குத் தொடுக்கும் நிலையில் கட்டுப்பாடு வைப்பது சரியென்று நினைக்கிறேன். நெதர்லாந்தில் 2013இல் வந்த வழிகாட்டுதல் அந்த வகையைச் சேர்ந்தது. அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமும் 2022 மே மாதத்தில், நன்னோக்கப் பாதுகாப்பு ஆய்வுக்காகக் கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுப்பதில்லை என்று தன் கொள்கையைத் திருத்தியது. சட்டம் மாறவில்லை, அரசு வழக்கறிஞர்களின் நடைமுறைதான் மாறியது.

பாலாறு:

அமெரிக்கக் கொள்கை கூட்டாட்சி அரசின் வழக்கறிஞர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. மாநிலச் சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளையோ, நிறுவனங்கள் தொடுக்கும் உரிமையியல் வழக்குகளையோ அது தடுப்பதில்லை. இங்கே காவல்துறை மாநிலங்களின் பொறுப்பில் இருக்கிறது. டெல்லியில் வெளியாகும் ஒரு வழிகாட்டுதல், வேறொரு மாநிலத்தின் காவல் ஆய்வாளரை எப்படிக் கட்டுப்படுத்தும்? பெல்ஜியம் 2023இல் இதைச் சட்டமாகவே எழுதியது. முன் அனுமதி இல்லாமலும் அங்கே சோதிக்கலாம். ஆனால் தீங்கு செய்யும் எண்ணம் இருக்கக்கூடாது, தேவைக்கு மேல் செல்லக்கூடாது, கண்டதை நிறுவனத்துக்கும் நாட்டின் இணையப் பாதுகாப்பு மையத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், மையத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக்கூடாது. சர்வர் அறை அவர்கள் குறிப்பிட்ட பணம் பறிப்போர் இந்த நிபந்தனைகளில் முதல் படியிலேயே நின்றுவிடுவார்கள்.

சர்வர் அறை:

நிபந்தனைகளைப் பார்த்தபின் என் எதிர்ப்பு குறைகிறது, முழுவதும் நீங்கவில்லை. ‘தேவைக்கு மேல் செல்லாமல்’ என்பதை யார் அளப்பது? ஒருவர் ஓர் அறிக்கையைத் திறந்ததும் குறைபாடு உறுதியாகிவிடுகிறது, இன்னொருவரோ எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று காட்டுவதற்காக முழுத் தரவுத்தளத்தையும் இறக்கிக்கொள்கிறார். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த எளிய முறை ஒன்று உண்டு. சோதிப்பவர் தன் பெயரிலும், ஒப்புதல் தந்த உறவினரின் பெயரிலுமாக இரண்டு கணக்குகளை வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றின் தகவல் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கலாம். பாலாறு அவர்களின் பரிசோதனைக் கூடத்துக்கும் இது பொருந்தும். பிறர் தகவல் எதுவும் தொடப்படுவதில்லை, நாங்களும் 40 பேருக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. இந்த எல்லைக்குள் நிற்பவருக்கு மட்டும் விலக்கு என்றால் நான் கையெழுத்திடுவேன். இன்றுள்ள சட்டத்தில் இதுவும் 43ஆம் பிரிவுக்குள் வருகிறது என்பது எனக்குமே ஏற்புடையதாக இல்லை.

மேலூர் வழக்கறிஞர்:

இந்த எல்லையோடு எனக்கும் பெரிய முரண்பாடு இல்லை. 43ஆம் பிரிவில் ஒரு விளக்கவுரையாகவே இதைச் சேர்த்துவிடலாம். தனிச் சட்டம் தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட அமைப்புகளை மட்டும் இதிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்பேன். மின்தொகுப்பின் கட்டுப்பாட்டுக் கணினியில் தவறான ஒரு சோதனை உண்டாக்கும் சேதத்தைப் பின்னர் சரிசெய்ய இயலாது.

வெண்ணிலா:

மின்தொகுப்பை விலக்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆதார் தரவுத்தளமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள், ஐயா. பரிசோதனைக் கூடம் சரியில்லை என்றால் நான் வேறொரு கூடத்துக்குப் போகலாம். ஆதாரில் எனக்கு அப்படி ஒரு தெரிவு கிடையாது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அமைப்புகளை அறிவிக்கை மூலம் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கவும் 17ஆம் பிரிவில் இடம்வைத்திருக்கிறது. அபராதமும் இல்லாமல், வெளியாரின் சோதனையும் இல்லாமல் போகும் அமைப்புகள் எவை என்று பார்த்தால், மக்கள் கட்டாயமாகத் தகவல் தந்த அமைப்புகளாகவே அவை இருக்கும். ஆகவே ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்ற ஒரே பெயருக்குள் மின்தொகுப்பையும் குடிமக்களின் தரவுத்தளத்தையும் சேர்த்துவைக்காமல், தரவுத்தளங்களுக்குச் சர்வர் அறை அவர்கள் கூறிய எல்லையையே விதியாக வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கு நீங்கள் உடன்படாவிட்டால் காரணத்தை எழுதுங்கள்.