நீல் யங்: எந்த இசைத்தட்டில் நுழைந்தீர்கள், எந்தத் தட்டில் முகம் சுளித்தீர்கள்?

இழையைத் தொடங்கியவர்

ராக் பாடகர் நீல் யங் பிறந்த ஊர் டொராண்டோ. இங்கே குடியிருப்பவர்கள் அவரிடமிருந்து தப்ப முடியாது. மளிகைக் கடையிலும் பல் மருத்துவரின் அறை வாசலிலும் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' ஒலித்துக்கொண்டே இருக்கும். நானும் அந்தப் பாட்டுள்ள 'ஹார்வெஸ்ட்' (1972) வழியாகத்தான் உள்ளே போனேன். நாஷ்வில் கலைஞர்களின் அடக்கமான வாசிப்பு, பென் கீத்தின் பெடல் ஸ்டீல் கிட்டார், நடுவில் அந்த மவுத் ஆர்கன். கிராமியமும், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கன்ட்ரியும் கலந்த இசைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

அந்த மயக்கத்தோடு பழைய இசைத்தட்டுக் கடையில் 'ட்ரான்ஸ்' (1982) வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாட்டு சாதாரண ராக்தான். இரண்டாவது பாட்டில், மனிதக் குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர் வந்து அவர் குரலையே விழுங்கிவிட்டது. 1967இல் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவோடு பாடிய 'மிஸ்டர் சோல்' பாட்டையும் அதே இயந்திரத்தில் போட்டு அரைத்திருக்கிறார். கடையில் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு எப்படி இருந்தது?

ஸ்காபரோவாசி

அண்ணா, அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாம். நான் பேச்சுப் பயிற்சியாளராக வேலை செய்கிறேன். நீல் யங்கின் மகனுக்குப் பெருமூளை வாதம், பேச்சு வராது. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவிலான அந்த இடைவெளியைப் பற்றியதுதான் 'ட்ரான்ஸ்' என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' அந்த மகனுக்கான பாட்டு. சொல் புரியவில்லை என்று கேட்பவர்கள் எரிச்சல்படுகிறார்கள். எதிரே இருப்பவர் ஏதோ சொல்ல முயல்கிறார், நமக்குப் பிடிபடவில்லை. இந்த நிலையில்தான் என் வேலைநாள் முழுவதும் கழிகிறது. ஒரு பெற்றோருக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். தாய் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் இன்னொரு முறை போடச் சொன்னார்.

கிட்டார் பிரியன்

சகோதரி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் காரணம் தெரிந்த பிறகுதான் பாட்டு பிடிக்கிறது என்றால், அந்த மதிப்பெண் நீல் யங் என்ற தகப்பனுக்குப் போகிறது, பாட்டுக்குப் போகவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. 1993இல் வந்த 'அன்பிளக்ட்' ஆல்பத்தில் அதே 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' இருக்கிறது. வோகோடர் கிடையாது, வெறும் குரலும் மரக் கிட்டாரும் பின்னணியில் சில குரல்களும். கதை எதுவும் தெரியாத என் தங்கையிடம் அதைக் கொடுத்தேன். 'ஹார்வெஸ்ட்' காலத்துப் பாட்டா என்று கேட்டாள். அப்படியானால் மெட்டு அன்றைக்கே அங்கே இருந்திருக்கிறது. மாறியது மேல்சட்டை மட்டும்.

என்னைக் கேட்டால், இவர் ஒலி மாறும்போதெல்லாம் கொள்கையைத் தேடுகிறவர்கள் உடம்பைப் பார்ப்பதில்லை. 'ஹார்வெஸ்ட்' பதிவின்போது அவருக்கு முதுகுவலி, இடுப்பில் பட்டை. கனமான மின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. நாம் சொக்கிப்போகும் அந்த மென்மையில் பாதி முதுகெலும்பின் உபயம். 1991 சுற்றுப்பயணத்தின் பேரிரைச்சலிலும், அதைத் தட்டாக்கும் வேலையிலும் காது கெட்டது. உடனே 1992இல் பென் கீத் உள்ளிட்ட பழைய 'ஹார்வெஸ்ட்' கலைஞர்களைக் கூட்டி 'ஹார்வெஸ்ட் மூன்' செய்தார். தலைப்புப் பாட்டில் ஹெட்போன் வைத்துக் கவனியுங்கள், தாளத்துக்கு நடுவே சரக் சரக் என்று ஒரு சத்தம் வரும். விளக்குமாற்றால் தரையைப் பெருக்கும் ஓசை அது. ஆல்பக் குறிப்பிலும் துடைப்பத்தை வாத்தியமாகவே போட்டிருக்கிறார்கள்!

பழைய தட்டுப் பைத்தியம்

தம்பி, முதுகும் காதும் சரி. 1983க்கு என்ன சொல்வீர்கள்? ட்ரான்ஸுக்குப் பிறகு கன்ட்ரி ஆல்பம் ஒன்றைக் கொண்டுபோனார், அவர் தட்டுகளை வெளியிட்ட கெஃபன் நிறுவனம் வேண்டாம் என்றது. ராக் அண்ட் ரோல் வேண்டும் என்றார்கள். கேட்டதை அப்படியே கொடுத்தார்: தலைமுடிக்கு எண்ணெய் தடவி, இளஞ்சிவப்பு கோட் போட்டு, 1950களின் பாணியில் 'எவ்ரிபடீஸ் ராக்கின்'. மொத்தமே 25 நிமிடம். உங்கள் பாணியில் நீங்கள் பாடவில்லை என்று நிறுவனம் 33 லட்சம் டாலர் கேட்டு அவர்மேலேயே வழக்குப் போட்டது. பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது, நிறுவனத்தின் தலைவர் டேவிட் கெஃபன் வருத்தமும் தெரிவித்தார். ஒதுக்கிய கன்ட்ரி, வேறு வடிவில் 1985இல் 'ஓல்ட் வேஸ்' என்று வெளிவந்தது. கன்ட்ரி பாடகர்கள் வில்லி நெல்சனும் வேலன் ஜென்னிங்ஸும் கூடவே இருக்கிறார்கள்.

வழக்கில் நான் அவர் பக்கம். தட்டைப் பொறுத்தவரை நிறுவனத்தின் பக்கம். கோபத்தில் செய்த வேலை என்று ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. ட்ரான்ஸைப் போல இதற்குப் பின்னால் மகனும் இல்லை, முதுகும் இல்லை. வீட்டில் இதைப் போட்டால் என் மனைவி முழுதாக ஒரு பக்கம் ஓடவிட்டதே கிடையாது.

இழையைத் தொடங்கியவர்

'அன்பிளக்ட்' கேட்டேன். பாட்டு நல்ல பாட்டு. ஆனால் வோகோடர் இன்னும் என் காதைக் குத்துகிறது சகோதரி, அதில் சமாதானம் இல்லை. அடுத்து 'ஓல்ட் வேஸ்' தேடப் போகிறேன். பழைய தட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.