கலைச்சொல் தேவை: மழைக்காலத்தில் பெயிண்ட் வெள்ளையாகப் பூப்பதற்கு

தக்கலையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பழைய அம்பாசடர், பத்மினி கார்களுக்கு வீட்டு முற்றத்திலேயே குறைந்த செலவில் பெயிண்ட் அடிப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பட்டி, பிரைமர், உப்புத்தாள் எல்லாம் பட்டறைச் சொல்லாகவே இருக்கட்டும். 'பிளஷிங்' ஒன்றுதான் இடிக்கிறது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

குழித்துறையிலிருந்து:
'பசலை' என்று வையுங்கள் அண்ணாச்சி. பிரிவில் வாடும் பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றம் அது. காதலர் தொட்டால் நீங்கும், விட்டால் பரவும் என்று குறுந்தொகையில் பரணர் ஊருணிப் பாசியைக் காட்டிச் சொல்கிறார். இதுவும் அப்படித்தான். ரிட்டார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரைத் தூறலாக மேலே அடித்தால் வெள்ளை போய்விடும். பச்சை, பாசி, பசும்பொன், பசலை எல்லாம் 'பசு' என்ற ஒரே அடியில் பிறந்தவை. ஈரமும் அந்த அடியிலேயே இருக்கிறது, 'பசுமண்' என்கிறோமே.

நாகர்கோவிலிலிருந்து:
ஐயா, பசலைக்குப் பொன்னிறம் சொல்வது மரபு. இது வெள்ளை. தொழிற்பயிற்சி வகுப்பில் பசலை என்றால் பிள்ளைகள் கீரையைத்தான் நினைப்பார்கள். 'வெண்பூப்பு' சரியாக இருக்கும்.

கருங்கலிலிருந்து:
பூப்பு என்றால் பெண் பருவமடைவது. பாடத்தில் வேண்டாம். 'நீறு பூத்த நெருப்பு' என்பது எல்லோருக்கும் தெரியும், 'நீறுபூத்தல்' என்போம்.

தக்கலையிலிருந்து:
நீறு அழகான சொல், அக்கா. ஆனால் அது உலர்ந்த சாம்பல். இங்கே குற்றவாளி ஈரம். நீறு என்று படிப்பவர் ஆரல்வாய்மொழிக் காற்றில் தூசி படிந்ததாக நினைத்து உப்புத்தாளை எடுத்துவிடுவார். ரிட்டார்டரால் தீர வேண்டியது தேய்ப்பில் போய் முடியும். மழை விடும்வரை காத்திருக்கவும் தோன்றாது. காரணம் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை. 'ஈரவெளுப்பு'?

நாகர்கோவிலிலிருந்து:
வெயிலில் நிறம் மங்குவதையும் வெளுப்பு என்கிறோம். ஆனால் முன்னால் 'ஈர' இருப்பதால் குழம்பாது. எனக்குச் சம்மதம்.

கருங்கலிலிருந்து:
எனக்கும் சரி. அச்சுக்கு நேரமாகிறது.

குழித்துறையிலிருந்து:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் மறுப்பு இருக்கட்டும். வெளுத்த துணி பழைய நிறத்துக்குத் திரும்பாது. இது திரும்பும், திரும்புவதுதான் இதன் இயல்பு. அடுத்த பதிப்பிலாவது அடைப்புக்குறிக்குள் பசலையைச் சேருங்கள். அப்புறம், அச்சுக்கு முன் ஒன்று: கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரை வடித்துவிட்டு அடிக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். ஈரம் காற்றுக் குழாய் வழியாகவும் வரும்.